குமரியில் மழை குறைந்துவிட்டதா? பதிவேட்டோடு ஒரு கேள்வி பதில்

தக்கலை வாசகர்: நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழை பாதியாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உண்மையா?

எந்த ஆண்டிலிருந்து? எந்த ஊர் மழைமானியில்? இவ்விரண்டும் இல்லாத செய்தியைச் சரிபார்க்க வழியே இல்லை. அடைமழை ஆண்டில் கணக்கைத் தொடங்கினால் மழை குறைந்ததாகத் தெரியும். வறட்சி ஆண்டில் தொடங்கினால் பெருகியதாகத் தெரியும். இந்திய வானிலைத் துறை 1971 முதல் 2020 வரையிலான சராசரியோடு ஒப்பிடுகிறது. அதிலிருந்து 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் இயல்பான மழைதான். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லும் எண்ணை நம் தலையில் கட்டுவதையும் நம்பாதீர்கள். மாநிலத்தின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. நமக்கு இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு.

குளச்சல் வாசகர்: 2023 டிசம்பர் 17இல் கொட்டிய மழையைப் மழைப் பதிவேட்டில் 18ஆம் தேதி என்று எழுதியது பிழைதானே?

இல்லை. காலை 8.30 மணிக்கு மானியில் சேர்ந்த நீரை அளவுக்குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே வைத்து, நீர்ப்பரப்பின் வளைவில் அடிப்பகுதி தொடும் கோட்டைக் குறிப்பார்கள். முந்தைய 24 மணி நேர மழை அந்தக் காலையின் தேதியில் ஏறும். தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தின் 95 செ.மீ. 18ஆம் தேதிக் கணக்கில் வந்தது இப்படித்தான்.

பூதப்பாண்டி விவசாயி: பேச்சிப்பாறை அணை நிரம்பவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

அணைமட்டம் மழையளவு ஆகாது, ஐயா. பாசனத்துக்குத் திறந்துவிட்டதும் படிந்த வண்டலும் அதில் அடங்கும்.

அவரே: கால்வாய் திறக்கும் முன்பே தண்ணீர் இல்லை. நாற்று காய்ந்ததை நான் பார்த்தேன்.

நாற்று காய்ந்ததை நான் மறுக்கவில்லை. மொத்த மழை மாறாமலே அது நடக்கலாம். பத்து நாள் பெய்ய வேண்டியது இரண்டே இரவில் கொட்டிவிட்டு ஓய்ந்தால், ஆண்டுக் கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். இடையில் வயல் வெடிக்கும். ஆகவே மழைநாட்களை எண்ணுங்கள். 2.5 மி.மீ.யோ அதற்கு மேலோ பெய்த நாளே பதிவேட்டில் மழைநாள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்பருவங்களுக்கும் தனித்தனியாக எண்ணுங்கள். உங்கள் குறை அங்கே எண்ணாக வெளிப்பட்டால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

குலசேகரம் வாசகர்: எங்கள் பக்கம் நன்றாகத்தான் பெய்கிறது. பூதப்பாண்டிக்காரர் மிகைப்படுத்துகிறார்.

உங்கள் ஊர் மழை அவர் வயலில் பெய்யாது. பாலமோர் மலைக்கும் கன்னியாகுமரிக் கடற்கரைக்கும் நடுவே மழையளவில் எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: மழை குறைந்ததா, கூடியதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள்.

இரணியல் வாசகர்: நாளை மழை உண்டா?

முன்னறிவிப்பு என் வேலையல்ல. சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள்.

நாகர்கோவில் மாணவி: 1956க்கு முந்தைய பதிவுகளை எங்கே தேடுவது?

அந்த ஆண்டு நவம்பர் 1இல்தான் நாம் அன்றைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, இணைந்தோம். பழைய ஏடுகளை, அதற்கு முன் நாம் இருந்த திருவிதாங்கூரின் பெயரில் தேடுங்கள், அம்மா. அளவு அங்குலத்தில் இருந்தால் 25.4ஆல் பெருக்கி மில்லிமீட்டராக்குங்கள். மானியை இடம் மாற்றிய குறிப்பு ஓரத்தில் இருந்தால், அதையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.