எடையை மாற்றியும் கூலி மாறவில்லையே?

கேள்வி: தோட்டத்துச் செம்பனைக் குலை வெட்டுக் கூலியைக் கணக்கிட க்யூபேசிக்கில் (‘பேசிக்’ என்னும் கணினி நிரல்மொழியின் ஒரு வகை) இப்படி எழுதினேன்:

10 எடை = 2.5
20 விலை = 40
30 கூலி = எடை * விலை
40 எடை = 3
50 பிரிண்ட் கூலி

3 டன்னுக்கு 120 வெள்ளி வரவேண்டும்; 100தான் வருகிறது. (எடை, விலை, கூலி என்ற மாறிகளின், அதாவது மதிப்பை வைக்கும் இடங்களின், பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டினேன்.)
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: 30ஆம் வரி சூத்திரம் அல்ல, ஒருமுறை நடந்து முடியும் கட்டளை. பேசிக் முதலில் சமக்குறியின் வலப்பக்கத்தைக் கணக்கிடும்: 2.5 பெருக்கல் 40, விடை 100. அதை இடப்பக்கம் உள்ள ‘கூலி’யில் போட்டு வைக்கும். அந்த 100 எப்படி வந்தது என்ற விவரம் எங்கும் பதிவாவதில்லை. அதனால் 40ஆம் வரியில் எடையை மாற்றினாலும் கூலி அசையாது. எடையை மாற்றிய பிறகு, 45ஆம் வரியாக ‘கூலி = எடை * விலை’ என்று மறுபடி எழுதுங்கள். பல தொழிலாளர்களுக்குக் கணக்குப் போடுவதானால் எடையை வாங்கும் வரி, கூலிக் கணக்கு, பிரிண்ட் மூன்றும் அதே வரிசையில், வரிகளைத் திரும்பத் திரும்ப நடத்தும் ‘ஃபார் – நெக்ஸ்ட்’ சுழற்சிக்குள் இருக்கட்டும்.

1964இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் உருவாக்கிய முதல் பேசிக்கில் ‘லெட் கூலி = எடை * விலை’ என்றுதான் எழுதவேண்டும். க்யூபேசிக்கில் ‘லெட்’ கட்டாயமில்லை. ஆனாலும் பழகும் வரை போட்டே எழுதுங்கள். ‘லெட் மொத்தம் = மொத்தம் + கூலி’ என்ற வரி அப்போது குழப்பாது: பழைய மொத்தத்தோடு கூலியைக் கூட்டி, விடையை மொத்தத்திலேயே வை என்று பொருள்.

எழுத்துப்பிழையிலும் கவனம் வேண்டும். மாறியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் க்யூபேசிக் பிழை காட்டாது. அதைப் புது மாறியாக எடுத்துக்கொண்டு 0 கொடுத்துவிடும். விடை காரணமில்லாமல் 0 என்று வந்தால் முதலில் பெயர்களைத்தான் ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிலாளியின் பெயரை வைக்கும் மாறிக்குக் கடைசியில் $ வேண்டும். இல்லாவிட்டால் ‘டைப் மிஸ்மேட்ச்’ (வகை பொருந்தவில்லை) என்ற பிழை வரும்.

கூலியைச் சென்னில் வைப்பது நல்ல பழக்கம். தசமப் பிசகு சேராது. ஆனால் பெயரின் கடைசியில் % போட்ட முழு எண் மாறி 32767 வரைதான் தாங்கும், அதாவது 327 வெள்ளி 67 சென். மாதக் கூலி அதைத் தாண்டியதும் ‘ஓவர்ஃப்ளோ’ (எண் அளவை மீறிவிட்டது) என்று நிரல் நின்றுவிடும். அதற்கு & போட்ட மாறியை எடுங்கள், 2147483647 வரை இடமிருக்கிறது. அச்சிடும்போது மட்டும் 100ஆல் வகுத்தால் போதும்.