எழுதித் தந்ததைப் படிப்பதுதானே செய்தி வாசிப்பு?

முகமும் குரலும் நன்றாக இருந்தால் போதாதா, இதற்கு எதற்கு அனுபவம் என்று கேட்டிருக்கிறீர்கள். வால்டர் கிராங்கைட் வேலை பார்த்த விதத்தைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் மாலைச் செய்தியை 1962 முதல் 1981 வரை வழங்கியவர். அதற்கு முன் யுனைடெட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் நிருபராக இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதியவர். அந்த நிருபர் பழக்கம்தான் கடைசிவரை அவருக்குக் கைகொடுத்தது.

1963 நவம்பர் 22. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதாகத் தகவல் வருகிறது. அந்தக் காலத்துக் கேமரா சூடேறிப் படம் தர நேரம் பிடிக்கும். அதனால் முதலில் கிராங்கைட்டின் குரல் மட்டும்தான் ஒளிபரப்பானது. அப்புறம்தான் திரைக்கு வந்தார். கென்னடி இறந்துவிட்டதாகப் பல பக்கமிருந்தும் பேச்சு. அதிகாரப்பூர்வமாகத் தெரியும்வரை உறுதிப்படாத தகவல் என்றே சொல்லிவந்தார். கடைசியில் கைக்கு ஒரு தாள் வந்தது. கண்ணாடியை மாட்டிப் படித்தார், கழற்றினார், கடிகாரத்தைப் பார்த்து, இறந்து 38 நிமிடம் ஆகிறது என்றார். தொண்டை அடைத்தது. விழுங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

தயார் செய்து வைத்த செய்தி எதுவும் அங்கே கிடையாது, பாருங்கள். எதைச் சொல்வது, எதை நிறுத்திவைப்பது என்று அந்த நொடியில் தீர்மானிக்கத் தெரிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் ஆகக் கடினமான பகுதி அதுதான். மேக்கப்பும் உச்சரிப்பும் ஆறு மாதத்தில் பழகிவிடும். நீங்கள் இந்தத் துறைக்கு வருவதானால், முதலில் சில வருடம் நிருபராக அலையுங்கள்.