பழைய தங்கப் பல்லில் இருக்கும் தங்கத்தை வீட்டிலேயே பிரித்தெடுக்க முடியுமா?

முடியும், ஆனால் வீட்டில் வேண்டாம். தாத்தாவின் பல் கேப் ஒன்றிரண்டு கையில் இருக்கும், யூடியூபில் யாரோ ஆசிட் ஊற்றிப் பிரித்ததைப் பார்த்திருப்பீர்கள். கோவையில் தலைமுறையாக நகைப்பட்டறை வைத்திருக்கும் குடும்பம் என்பதால் எழுதுகிறேன். நான் கெமிஸ்ட்ரி படித்தவன் இல்லைதான். ஆனால் நெருப்பும் திராவகமும் எங்களுக்கு அன்றாடம்.

மாமா காலமான பிறகு, அவருக்குப் பிடுங்கியிருந்த தங்கப் பல்லை அத்தை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா உடனே ஊதுகுழலை எடுக்கவில்லை, லென்ஸ் வைத்துப் பார்த்தார். கேப்புக்குள் உடைந்த பல், வெள்ளை சிமெண்ட், ஒரு மூலையில் கருஞ்சாம்பல் நிறத்தில் பழைய அடைப்பு (பல் குழியில் வைக்கும் ஃபில்லிங்). அந்த அடைப்பில் கிட்டத்தட்ட பாதி பாதரசம். சூடு பட்டால் ஆவியாகி மூச்சோடு உள்ளே போய்விடும். கேப்பைக் குறட்டால் பிளந்து, ஊசியால் சுரண்டி, துகளை மூடி போட்ட பாட்டிலில் சேர்த்த பிறகுதான், தங்கத்தின் தரம் காட்டும் காரட் மெஷினில் வைத்தார். தங்கம் 65 சதவீதம் சொச்சம். மீதி வெள்ளி, செம்பு, கொஞ்சம் பல்லேடியம் என்ற வெள்ளை உலோகம். அதாவது 16 காரட்டை ஒட்டி. சுத்தத் தங்கம் மெல்லுவதற்குத் தாங்காது, அதனால்தான் கலப்பு. மஞ்சளாக இருக்கிற கேப்பெல்லாம் தங்கமும் இல்லை.

இந்த மாற்றில், அதாவது இந்தத் தரத்தில், வெறும் நைட்ரிக் ஆசிட் வேலை செய்யாது. தங்கம் ஒரு பங்கு, வெள்ளி மூன்று பங்கு வருகிற மாதிரி சேர்த்து உருக்கினால்தான் பிரியும். அது தெரியாதவர்கள் நேரே ராஜ திராவகத்துக்கு, அதாவது நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்த ஆசிட்டுக்குப் போகிறார்கள். அதில் தங்கத்தோடு பல்லேடியமும் கரையும். கிளம்புகிற செம்பழுப்புப் புகை அப்போதைக்கு இருமலோடு நின்றுவிட்டது போலத் தெரியும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆளையே சாய்த்துவிடும். "மொட்டை மாடியில் செய்கிறேன்" என்று வாதாட வருபவர்களுக்கும் இதே பதில்தான். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இன்னொரு ஆதங்கம். எங்களிடம் வருவதற்கு முன் அத்தை ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கிறார். முதலில் "பல் தங்கம் எடுப்பதில்லை" என்றார்கள், கிளம்பியதும் கூப்பிட்டுப் பாதி விலை சொன்னார்கள். நமக்கு விற்கும்போது சேதாரம் என்று ஒரு பிடி, நம்மிடம் வாங்கும்போது அழுக்கு என்று ஒரு பிடி. உழைக்கிற பத்தருக்குக் கூலி உயர்த்தக் கேட்டால் மட்டும் மார்க்கெட் சரியில்லை!

சரி, உங்கள் விஷயம். காரட் மெஷின் இருக்கும் இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். தங்கம் என்றால் தெரிந்த பட்டறையில் கொடுத்து, கண் முன்னால் உருக்கி எடை போடச் சொல்லுங்கள். உள்ளே சாம்பல் நிற அடைப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பட்டறைக்காரரும் அதை மூச்சில் இழுக்கக் கூடாது.