தோடம்பழமும் தேசிக்காயும் பச்சையாகவே இருக்கின்றனவே, மஞ்சளாகும்வரை வைத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், இன்றைக்கே வெட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டின சுப்பர்மார்க்கெட் பழம் பார்த்து வளர்ந்தவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நான் செங்கலடியில் பழக்கடை வைத்திருக்கிறவன். இதே கேள்விக்குப் பதில் சொல்லியே வாய் நொந்துபோச்சு.

பதுளை வீதியால் வருகிற பிபிலைத் தோடம்பழம் பழுத்தாலும் பச்சைதான். தோலை மஞ்சளாக்குவது இனிப்பு இல்லை, குளிர். இரவுக் குளிர் 13 பாகை அளவுக்கு இறங்கினால்தான் தோலின் பச்சையம் ஒழுங்காகக் கழியும். மார்கழி மழைக்கே போர்வை தேடுகிற மட்டக்களப்பில் 13 பாகைக்கு எங்கே போவது? வெளிநாட்டில் சில இடங்களில் பழத்தை அறையில் அடைத்து எதிலீன் வாயு விட்டும் மஞ்சளாக்குகிறார்கள். அதில் தோல்தான் மாறும். மாம்பழத்தைப் போல இவை பறித்த பிறகு வைத்துப் பழுக்கிற சாதி இல்லை. புளிப்போடு பறித்தது புளிப்புத்தான்.

கனடாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி வானை நிறுத்தி, "என்ன அண்ணன், காயை விக்கிறீங்க?" என்று எல்லாரும் கேட்கக் கேட்டா. ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். "திண்டு பாருங்க, இனிக்காட்டி காசு வேணாம்." வானுக்குள் இருந்த மாமி, "நான் அப்பவே சொன்னன்தானே புள்ள" என்றா. முழுப் பழத்தையும் திண்டு முடித்துவிட்டு, படம் எடுக்க வடிவாக இருக்கும் என்று மஞ்சள் பழமே வாங்கினா! அதற்கு மேல் சும்மா இரண்டு சொப்பிங் பேக் வேறு. பேக்கை நாங்களும் காசுக்குத்தான் வாங்குகிறோம். வீட்டிலிருந்து ஒரு பன்பை கொண்டுவந்தால் என்ன குறைந்துவிடும்?

வியாபாரி தன் சரக்கைத்தான் புகழுவான் என்று கீழே எழுத வருவீர்கள். மஞ்சள் பழத்தையும் நான்தான் விற்கிறேன், அதுதான் விலையும் கூட. பச்சை எல்லாம் பழுத்தது என்றும் நான் சொல்லவில்லை. கையில் எடுத்தால் பாரம் தெரிய வேண்டும், தோல் மினுங்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே சக்கை.

தேசிக்காய் வேறு கதை. அது மரத்திலேயே முற்றினால் இங்கேயும் மஞ்சளாகும். கடைக்கு வருவது அதற்கு முன்னே பறித்தது. தோல் மெல்லிசாக, பாரமாக இருந்தால் பச்சையிலேயே சாறு நிறைய இருக்கும். மஞ்சளானதை ஊறுகாய்க்கென்று கேட்டு வாங்குகிற அக்காமார் இருக்கிறார்கள். நாலாகக் கீறி உப்படைத்து வெயிலில் காயப்போட அதுதான் தோது. அது கெதியில் பழுதாகும், வாங்கின அன்றைக்கே உப்புப் போடுங்கள்.