படத்தில் பெயர் பொறித்தால் போதுமா?

கேள்வி: சத்தியமங்கலம், பவானிசாகர் வட்டாரத்துப் பழைய புகைப்படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி முகநூலில் ஏற்றி வருகிறேன். வேறு சிலர் அவற்றை எடுத்துத் தங்கள் பக்கத்தின் பெயரைப் பொறித்து வெளியிடுகிறார்கள். இனி என் படங்களின் நடுவே என் பெயரைப் பெரிதாகப் போட்டுவிடலாமா, இல்லை, ஏற்றுவதையே நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: அவர்கள் செய்வது அநாகரிகம்தான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால், அவை உங்கள் படங்களும் அல்ல. எடுத்தவர் ஏதோ ஒரு ஸ்டுடியோக்காரர். பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர் அந்த வீட்டுப் பெரியவர். ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. தேடி அலைந்து, ஸ்கேன் செய்து ஏற்றிய உழைப்புக்கு உங்களுக்கு நன்றி சொல்லலாம். அதற்காக யாரோ ஒருவருடைய பாட்டியின் முகத்துக்குக் குறுக்கே உங்கள் பெயரைப் பொறிக்க அந்த உழைப்பு அனுமதி ஆகிவிடாது.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தையே பார்ப்போம். ஒரு கோயில் மண்டபத்தின் முன்னால் மூன்று பேர் மர நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். பின்னால் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் பையன் அசைந்துவிட்டதால் அவன் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. இதற்கு நீங்கள் எழுதியிருக்கும் விவரம் 'அந்தக் காலத்துச் சத்தி' என்பது மட்டுமே. எந்தக் கோயில், யார் வீட்டுப் படம், எந்த ஆண்டை ஒட்டியது, பின்புறம் ஏதாவது எழுதியிருந்ததா என்ற எதற்கும் விடை இல்லை. உங்கள் வட்டாரத்தில் இது சாதாரணக் குறை அல்ல. 1948-இல் வேலை தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்புக்குள் டணாய்க்கன்கோட்டை என்ற ஊரே மூழ்கிப்போய்விட்டது. அங்கிருந்த மாதவராயப் பெருமாள் கோயில் நீர்மட்டம் மிகவும் இறங்கும்போது மட்டும் தலைகாட்டுகிறது. இந்த மண்டபம் அப்படி மூழ்கிப்போன ஊர் ஒன்றைச் சேர்ந்ததா என்று இனி நினைத்தபோது நேரில் போய் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. படத்தைக் கொடுத்த வீட்டில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். படத்தை எடுத்துக்கொண்டு போனவர்களால் உங்களுக்கு நேர்ந்த இழப்பைவிட, இந்த ஒற்றைவரி விவரத்தால் ஊருக்கு நேர்ந்த இழப்பு பெரிது.

விவரம் இல்லாத இடத்தில் கட்டுக்கதை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் கவனியுங்கள். கோவை வெரைட்டி ஹால் திரையரங்கின் பழைய படம் ஒன்றுக்குக் கீழே '1905' என்று யாராவது எழுதினால், கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும். ஏனென்றால் அதைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகத் திரைப்படம் காட்டப் புறப்பட்டது அந்த ஆண்டில்தான். அரங்கமோ 1914-இல்தான் எழுந்தது. ஒரு பக்கத்தில் தவறாக எழுதப்பட்ட ஆண்டு நூறு பக்கங்களுக்குப் பரவிய பிறகு, அதைத் திருத்த முயல்பவர்தான் தவறு செய்தவர்போல் நிற்க வேண்டியிருக்கும். கருப்பு வெள்ளைப் படத்துக்குச் செயலியைக் கொண்டு வண்ணம் ஏற்றுவதும் இந்த வகைதான்: அந்தச் சேலை என்ன நிறம் என்று செயலிக்கு எப்படித் தெரியும்? (ஆசைக்குச் செய்துகொள்வதாக இருந்தால் மூலப் படத்தின் நகலையும் அருகிலேயே வையுங்கள்.)

ஆகவே, இனி ஒரு வீட்டுக்குப் போனால் படத்தின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரையும், பென்சிலில் எழுதிய மாதமும் ஆண்டும், அட்டையின் ஓரத்தில் அழுத்திய ஊர்ப்பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் டிஃப் (தரம் குறையாத பட வடிவம்) கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் வைத்துவிட்டு, பகிர்வதற்குத் தனியாக, அளவில் சிறிய ஜேபெக் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பியதை மூலம் என்று வைத்திருக்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், கோப்புக்குள் பதிந்திருக்கும் குறிப்புகளையும் நீக்கிவிடும். படச்சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தெடுக்காமல் கண்ணாடிக்கு மேலிருந்தே கேமராவில் எடுங்கள். எடுத்தபின் மூலத்தை அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை எண்மமாக்கியபோது, நகல்தான் ஆய்வாளர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது; அந்த நகலால்தான் இன்று அவற்றை எங்கிருந்தும் பார்க்க முடிகிறது.

ஏற்றும் இடத்தையும் மாற்றுங்கள். முகநூலில் ஏற்றிய படம் நான்கு நாளில் கீழே போய்விடும்; பிறகு தேடினாலும் கிடைக்காது. விக்கிப்பீடியாவின் பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்சில் ஏற்றினால் எடுத்தவர், காலம், கிடைத்த இடம், உரிமநிலை ஆகியவற்றை அந்தத் தளமே கேட்கும். அவற்றை நிரப்ப முடியாத படமும், வீட்டார் ஒப்புதல் தராத படமும் உங்கள் வன்தட்டிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஊரறியக் காட்டியாக வேண்டும் என்பதில்லை. கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் ஓலைகளையும் தேடித் தொகுத்த புலவர் செ. இராசு அவற்றைப் படியெடுத்துப் பதிப்பித்தார். எடுத்தாள்பவர்கள் எல்லாரும் அவர் பெயரைச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பணி முடிந்திருக்காது. உங்கள் பெயர் 'தொகுத்தவர்' என்ற இடத்தில், கொடுத்த வீட்டாரின் பெயருக்கு அடுத்து, அவர்கள் அதற்குச் சம்மதித்தால், இருக்கட்டும். படத்தின் மேல் வேண்டாம்.

நிறுத்துவதா என்று கேட்டீர்கள். அணை வேலை முடிந்த 1955-இல் 15 வயதாக இருந்தவருக்கு இன்று 85 வயதுக்குக் குறையாது. நீங்கள் இதுவரை ஏற்றிய படங்களை அச்செடுத்துக்கொண்டு அப்படிப்பட்ட பெரியவர்களிடம் போய், நாற்காலியில் இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டு எழுதி முடியுங்கள். பெயர் பொறிக்கலாமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு வேண்டுமானால் மறுபடி அனுப்புங்கள்.