தழல் ஏன் ஆடவில்லை?

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீட்டு மின் கணப்பு, அதாவது நெருப்பு எரிவதுபோல் காட்டும் ஹீட்டர், பழையது. பிளாஸ்டிக் கரிக்கட்டைகளுக்கு அடியில் இரண்டு சிவப்பு பின் பல்புகள் இருந்தன. இரண்டும் போய்விட்டதால், மின்கட்டணம் குறையும் என்று மகன் எல்இடி பல்புகளை மாட்டினான். வெளிச்சம் வருகிறது, தழல் மட்டும் ஆடாமல் அப்படியே நிற்கிறது. மோட்டார் பழுது, புதியது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடவா?
– வாசகி, லெஸ்டர்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. உங்களிடம் இருக்கும் வகையில் மோட்டாரே கிடையாது. இல்லாத மோட்டார் எப்படிப் பழுதாகும்?

பல்புக்கு மேலே அலுமினியத் தகட்டில் செய்த சின்னச் சக்கரம் ஒன்று ஊசிமுனையில் உட்கார்ந்திருக்கும், பாருங்கள். பழைய 60 வாட் இழை பல்பு தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளியேறுகிறது. அந்தச் சூட்டில் மேலெழும் காற்றுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதன் இதழ்கள் வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடுவதால் தழல் ஆடுகிறது. எல்இடியின் சூடு இதற்குப் போதாது. மற்ற இடங்களில் வீண் என்று நாம் திட்டும் சூடு, இங்கே வேலைக்காரன்!

ஆகவே 60 வாட் சிவப்பு இழை பல்பையே கேட்டு வாங்குங்கள். இங்கே பிரிட்டன் கடைகளில் 'ஃபயர்குளோ' என்று கேட்டால் தெரியும். ஹோல்டர் அருகே எழுதியிருக்கும் வாட் அளவைத் தாண்ட வேண்டாம்.

மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். பல்பு நன்றாக ஆறட்டும். கரிக்கட்டைத் தட்டைத் தூக்கி, சக்கரத்தை விளிம்பில் பிடித்து எடுத்து வையுங்கள். இதழ் வளைந்தால் அது சரியாகச் சுற்றாது. பல்பை அமுக்கித் திருப்பினால் கழன்று வரும், நம் ஊர் ஹோல்டரைப் போலவேதான். சக்கரத்தின் நடுக்குழி ஊசிமுனையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். தூசியைத் துடையுங்கள்; எண்ணெய் மட்டும் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி, சக்கரம் இன்னும் மந்தமாகிவிடும்.

மகனிடம் கணக்கையும் சொல்லுங்கள். இரண்டு பல்பும் சேர்ந்து 120 வாட். ஒரு யூனிட் செலவாக எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டரோ ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் விழுங்கும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் எது என்று அவரே சொல்லட்டும்.

கேள்வி: எங்கள் கணப்பில் சக்கரம் இல்லை, பளபளக்கும் துண்டுகள் ஒட்டிய கம்பி ஒன்று சுழல்கிறது. இதில் எல்இடி போடலாமா?
– வாசகர், கிராய்டன்

பதில்: போடலாம். உங்கள் கம்பியைச் சுற்றுவது மோட்டார்; பல்பின் சூடு அதற்குத் தேவையில்லை. பழைய பல்பைப் படம் எடுத்துக் கொண்டுபோய், அதே அடிப்பாகமும் அதே உருவமும் உள்ளதாக வாங்குங்கள். பருமன் கூடினால் கம்பியில் இடிக்கும். வெள்ளை வெளிச்சம் வேண்டாம், தழல் வெளிறிப்போகும். மஞ்சள் வெளிச்சம் தருவதாகக் கேளுங்கள். புதிய பல்பு வரும்வரை பழையதை ஹோல்டரிலேயே விட்டுவையுங்கள். வெற்று ஹோல்டரில் குழந்தைகள் விரல் விடுவார்கள்.