உங்கள் ஒன்றியத்து அரசுப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி? – கேள்வி பதில்

கே (மேலூர்): சார், மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கணும். பக்கத்தில் இரண்டு அரசு மேல்நிலைப் பள்ளி. ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 98 சதவீதம், இன்னொன்றில் 90. முதல் பள்ளிதானே நல்லது?

ப: எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டீர்களா? எழுதியவர் எண்ணிக்கை தெரியாமல் சதவீதத்தை நம்பாதீர்கள். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் பள்ளியில் முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் 84 பேர். பத்தாவது எழுதியது 61, தேறியது 60. தேர்ச்சி 98.4. இரண்டாவது பள்ளியில் ஒன்பதில் 90, எழுதியது 88, தேறியது 79. தேர்ச்சி 89.8. இனி, தேறியவர்களை ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையால் வகுங்கள். முதல் பள்ளி 71.4, இரண்டாவது 87.8. வரிசையே புரண்டுவிட்டது. முதல் பள்ளியில் காணாமல் போன அந்த 23 பிள்ளைகளைப் பற்றித்தான் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும்.

வகுப்புவாரி எண்ணிக்கை, மத்திய அரசின் பள்ளி விவரத் தளமான யூடைஸ் பிளஸில் 'உங்கள் பள்ளியை அறிவீர்' பகுதியில் இருக்கிறது. பள்ளியின் 11 இலக்க எண்ணைப் போட்டுத் தேடுங்கள்; தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். எழுதியவர், தேறியவர் விவரத்தைப் பள்ளியிலேயே கேட்கலாம். தரவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கே (உசிலம்பட்டி): எங்க ஊர்ப் பள்ளி போன வருஷம் 100, இந்த வருஷம் 91. இறங்கிடுச்சா?

ப: எத்தனை பேர் எழுதினார்கள்? 12 பேரில் ஒருவர் தவறினாலே 91.7 ஆகிவிடும். சின்னப் பள்ளிக்கு மூன்றாண்டு எண்ணிக்கையைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கே (வாடிப்பட்டி): தொடக்கப் பள்ளியில் பொதுத் தேர்வே இல்லையே. எதை வைத்து ஒப்பிடுவது?

ப: மிக நல்ல கேள்வி. பெற்றோர் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய இடம் இதுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேரிடம் இரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் மனப்பாடம் செய்யாத பக்கமாக இருக்கட்டும். பிறகு 42-இல் 17 கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று எழுதினால், அந்தப் பிள்ளை 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது பிடிபடவில்லை. ஒரு பிள்ளை அப்படி எழுதினால் பரவாயில்லை. பாதிப் பேர் எழுதினால் அந்த வகுப்பில் பத்துகளும் ஒன்றுகளும் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி நடத்தப்படவில்லை.

ஆசிரியர் எண்ணிக்கையையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 பேர், 61 முதல் 90 வரை 3 பேர். பதிவேட்டில் இருப்பவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். நேரில் போய் எண்ணுங்கள்.

கே (அரசு உதவி பெறும் பள்ளித் தலைமை ஆசிரியர்): ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையால் வகுப்பது அநியாயம் ஐயா. செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?

ப: நியாயமான மறுப்பு. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய் வேறு பள்ளியில் சேர்ந்தவர்களைக் கழித்துவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் விடுவித்த பிள்ளை 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எடுக்கப்பட்டிருந்தால் இடமாற்றம். மாதக் கணக்கில் அங்கேயே கிடந்தால் இடைநிற்றல். அதைக் கழிக்கக் கூடாது.

கே (அதே தலைமை ஆசிரியர்): நூறு சதவீதம் கேட்டு எங்களை நெருக்குவது யார்?

ப: நெருக்கடி உண்மைதான். அதனால்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். மெதுவாகப் படிக்கும் பிள்ளையைத் தக்கவைத்து 40 மதிப்பெண் வாங்க வைத்த பள்ளிக்கு, சதவீதப் பட்டியல் தண்டனைதான் தருகிறது. இந்தக் கணக்கில் அந்தப் பிள்ளையால் பள்ளிக்குப் பெருமை.

கே (அரசுப் பள்ளி ஆசிரியை): எங்கள் முதல் ஐந்து பேரையும் மாவட்ட மாதிரிப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள். அதையும் சொல்லுங்கள் சார்.

ப: கட்டாயம் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியையும் வந்தவரையெல்லாம் சேர்க்கும் பள்ளியையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள்.

கே (திருமங்கலம்): பிளஸ் டூவில் எந்தப் பாடத்தைப் பார்ப்பது?

ப: கணிதம். செய்முறை மதிப்பெண் கிடையாது; 90 எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 தான். மீதி 30 பள்ளி அளவில் வருவதால் பள்ளிகளுக்கு இடையிலான இடைவெளி மங்கிவிடும்.

கே (செக்கானூரணி): நடுநிலைப் பள்ளிக்கு?

ப: எட்டாம் வகுப்பு என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வகுப்பில் எத்தனை பேரை எழுத வைத்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

கே (பேரையூர்): எங்க பள்ளி 97 சதவீதம், நல்லதா?

ப: எத்தனை பேர் எழுதினார்கள்? முதல் பதிலைப் படியுங்கள்.

கே (கள்ளிக்குடி): 94, 96. எதில் சேர்க்க?

ப: மீண்டும் அதே. எழுதியவர் எண்ணிக்கையோடு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

கே (சோழவந்தான்): உதவி பெறும் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டா?

ப: இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

கே (அலங்காநல்லூர்): டிசி தர இழுத்தடிக்கிறார்கள்.

ப: இங்கே கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்கு இன்றே பேசுங்கள்.